தேயிலைக்கு எத்தனை டிகிரி வெந்நீர்?

கிரீன் டீ கசக்கிறது என்று ஒரே கோப்பையோடு கைவிட்டவர்கள் நிறைய. பெரும்பாலும் இலையில் குறை இருக்காது. தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை அப்படியே அதன்மேல் ஊற்றியிருப்பார்கள். சோதித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஒரே பொட்டலத்திலிருந்து மும்மூன்று கிராம் இலையை எடுத்து இரண்டு கோப்பைகளில் போடுங்கள். ஒன்றில் கொதி அடங்காத தண்ணீர் 150 மில்லி ஊற்றுங்கள். மற்றதில் 75 டிகிரிக்கு ஆறிய தண்ணீர், அதே 150 மில்லி. இரண்டையும் சரியாக இரண்டு நிமிடத்தில் வடித்துவிடுங்கள்.

முதல் கோப்பையின் சாறு மஞ்சள் ஏறி, கொஞ்சம் பழுப்பாகக்கூட இருக்கும். விழுங்கியதும் அடிநாக்கில் கசப்பு நிற்கும்; கன்னத்தின் உட்புறத்தை யாரோ இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்கும். இரண்டாவது வெளிர்பச்சையாக, மணம் மெதுவாக, முதல் வாயிலேயே ஒரு மெல்லிய தித்திப்போடு இறங்கும். இலை ஒன்று, அளவு ஒன்று, நேரமும் ஒன்று. மாறியது தண்ணீரின் சூடு மட்டும்.

இலையின் அளவு, ஊறும் நேரம், தண்ணீரின் சூடு என்று மூன்று பிடிகள் நம் கையில் இருக்கின்றன. முதல் இரண்டையும் எல்லோரும் ஓரளவு கவனிக்கிறோம். சூட்டை மட்டும் "கொதித்தால் சரி" என்று விட்டுவிடுகிறோம். எந்த இலைக்கு எந்தச் சூடு, அதற்குக் காரணம் என்ன, தெர்மாமீட்டர் இல்லாமல் அதைப் பிடிப்பது எப்படி என்று பார்க்கலாம்.

சூடு ஏற ஏற எது இறங்குகிறது

கசப்பு, துவர்ப்பு என்று தமிழில் இரண்டு சொல் தனித்தனியாக இருப்பது இங்கே பெரிய வசதி. கசப்பு என்பது நாக்கு உணரும் சுவை. துவர்ப்பு என்பது வாய் வறண்டு இறுகுகிற உணர்வு. இலையில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வாயின் வழவழப்புக் குறைகிறது; அதைத்தான் துவர்ப்பு என்கிறோம். தேநீரில் இரண்டும் கலந்து வருவதால் பலரும் எல்லாவற்றையும் "கசக்கிறது" என்றே சொல்லிவிடுகிறார்கள். பிரித்துப் பார்க்கப் பழகினால் தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பது எளிதாகும்.

காய்ந்த தேயிலையிலிருந்து தண்ணீருக்கு இறங்குவதில் சுவையைத் தீர்மானிப்பவை முக்கியமாக மூன்று கூட்டம். முதலாவது அமினோ அமிலங்கள். அவற்றில் பெரும்பங்கு தியானின். மெல்லிய தித்திப்பும், உமாமி என்கிற அந்த நிறைவான சுவையும் இதிலிருந்து வருகின்றன. இரண்டாவது காஃபீன், இது கசப்பு. மூன்றாவது கேட்டகின்கள், இவை கசப்பும் துவர்ப்பும் சேர்ந்தவை. இவற்றில் இ.ஜி.சி.ஜி. என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது கிரீன் டீயில் அதிகம்.

மூன்றும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. தியானின் சுலபமாகக் கரையும். 50, 60 டிகிரித் தண்ணீரே அதை நன்றாக எடுத்துவிடும். காஃபீனும் கேட்டகினும் அந்தச் சூட்டில் தயங்கித் தயங்கித்தான் வரும். 80-ஐத் தாண்டினால் வேகம் பிடிக்கும், கொதிநீரில் கொட்டும். ஆகவே குறைந்த சூட்டில் தித்திப்பு முன்னால் நிற்கிறது. அதிகச் சூட்டில் தியானினும் வந்திருக்கும், ஆனால் கசப்பும் துவர்ப்பும் மேலேறி அதை மூடிவிடுகின்றன.

அப்படியானால் எல்லாத் தேயிலையையும் ஆறிய தண்ணீரில் போடலாமே என்று தோன்றும். கூடாது. கிரீன், ஊலாங், பிளாக் எல்லாமே காமெலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைதான். பறித்தபின் செய்யும் வேலையில்தான் பிரிகின்றன. கிரீன் டீக்குப் பறித்த கொஞ்ச நேரத்திலேயே இலையைச் சூடேற்றி, அதிலுள்ள நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுவார்கள். சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வறுப்பது, ஜப்பானில் நீராவியில் வேகவைப்பது. அதனால் கேட்டகின்கள் அப்படியே தங்குகின்றன. பிளாக் டீக்கோ இலையை வாடவிட்டு, உருட்டிக் கசக்கி, காற்றுபடப் போட்டுவைப்பார்கள். நொதி வேலை செய்து கேட்டகின்களில் பெரும்பகுதியைத் தியாஃப்ளேவின், தியாருபிகின் என்ற பெரிய மூலக்கூறுகளாக மாற்றிவிடும். செந்நிறமும், சாற்றின் கனமும், அந்தச் சுறுசுறுப்பான துவர்ப்பும் இவற்றால் வருபவை. இவை நன்றாக இறங்கக் கொதிநீர் வேண்டும். 75 டிகிரித் தண்ணீரில் பிளாக் டீ போட்டால் நிறம் வரும், உடல் (வாயில் உணரும் கனம்) வராது, சப்பென்று இருக்கும்.

ஊலாங் இந்த இரண்டுக்கும் இடையில். எவ்வளவு தூரம் மாறவிட்டார்கள் என்பதைப் பொறுத்துச் சூடும் கிரீன் பக்கமோ பிளாக் பக்கமோ நகரும்.

கிரீன் டீ: அதிகம் தவறு நடக்கும் இடம்

கிரீன் டீக்கு 80 டிகிரி என்று பெட்டியில் போட்டிருப்பது நல்ல தொடக்கம்தான். ஆனால் "கிரீன் டீ" என்ற ஒரே பெயருக்குள் 50 டிகிரி கேட்கிற இலையும் இருக்கிறது, 95 கேட்கிற இலையும் இருக்கிறது.

ஜப்பானின் கியோகுரோ ஒரு எல்லை. பறிப்பதற்கு முன் சுமார் 20 நாள் செடிமேல் பந்தல்போல் மறைப்புப் போட்டு வெயிலைத் தடுப்பார்கள். தியானின் வேரில் உருவாகி இலைக்கு ஏறுவது. வெயில் பட்டால் அது கேட்டகின் உருவாக்கத்துக்குச் செலவாகிவிடும். நிழலில் வைத்தால் இலையிலேயே தேங்கும். அப்படிப் பாடுபட்டுச் சேர்த்த தித்திப்பை எடுக்க 50 முதல் 60 டிகிரி போதும். அளவும் வேறு: 5 கிராம் இலைக்கு 60 முதல் 80 மில்லி தண்ணீர், இரண்டு நிமிடம். கிடைப்பது சில வாய்தான். குழம்புபோல் அடர்ந்த சாறு. இதில் கொதிநீர் ஊற்றுவது அந்த 20 நாள் உழைப்பையும் வீணாக்குவது.

ஜப்பானின் அன்றாட கிரீன் டீயான சென்ச்சாவுக்கு 70 முதல் 80 டிகிரி, 3 கிராமுக்கு 150 மில்லி, ஒரு நிமிடம். நீராவியில் அதிக நேரம் வேகவைத்த சென்ச்சாவில் இலை நொறுங்கித் தூளாக இருக்கும். அதற்கு 40 வினாடியே போதும். சீனத்து லாங்ஜிங் போன்ற வாணலி வறுவல் இலைகள் கொஞ்சம் தாங்கும்: 80 டிகிரி, இரண்டு நிமிடம். குண்டு குண்டாகச் சுருட்டிய கன்பவுடர் விரிய வேண்டுமே என்று 85 வரை போகலாம்.

மறு எல்லையில் ஹோஜிச்சா. இது பச்சைத் தேயிலையை மறுபடி நன்றாக வறுத்தது. வறுபடும்போது கேட்டகினும் காஃபீனும் குறைந்துவிடுவதால் கசப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. வறுத்த மணத்தை வெளியே கொண்டுவரக் கொதிநீரே வேண்டும், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். பொரித்த அரிசி கலந்த கென்மைச்சாவும் இப்படித்தான், 85-க்கு மேல் தாராளமாகப் போகலாம்.

மட்ச்சாவில் இலையை ஊறவைத்து வடிப்பதில்லை, பொடியையே குடிக்கிறோம். சல்லடையில் சலித்த 2 கிராம் பொடி, 75 முதல் 80 டிகிரித் தண்ணீர் 70 மில்லி, மூங்கில் கடைகோலால் நுரைவரக் கடைவது. சலிக்காமல் போட்டால் கட்டி தட்டும். கொதிநீர் விட்டால் முரட்டுக் கசப்பு.

பைகளில் வரும் கிரீன் டீக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. உள்ளே இருப்பது பொடித்த இலை. தண்ணீர் படும் பரப்பு அதிகம் என்பதால் எல்லாமே வேகமாக இறங்கும். 75 டிகிரி, ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடம், அதற்குமேல் வேண்டாம். எடுக்கும்போது பையைப் பிழியாதீர்கள். கடைசியாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சொட்டுகள்தான் மிகத் துவர்ப்பானவை.

மற்ற இலைகள்

ஒயிட் டீ மென்மையானது, அதனால் தண்ணீரும் மென்மையாக இருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. இந்த இலையைக் கசக்குவதில்லை, உருட்டுவதில்லை. வாடவிட்டு உலர்த்துவதோடு சரி. செல்கள் உடையாமல் இருப்பதாலும், மொட்டின்மேல் வெண்ணிற ரோமம் போர்த்தியிருப்பதாலும் சாறு மெதுவாகத்தான் வெளியே வரும். 70 டிகிரியில் போட்டுவிட்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்று சொல்பவர்கள் பலர். 85-இல் தொடங்கி நான்கு நிமிடம் விடுங்கள். போதவில்லை என்றால் 90. அளவையும் பாருங்கள். பஞ்சுபோல் லேசான இலை என்பதால் ஒரு டீஸ்பூனில் ஒரு கிராம்கூட நிற்காது. 3 கிராமுக்குக் குவித்த இரண்டு மேசைக்கரண்டிக்கு மேலும் வேண்டியிருக்கலாம். சிறு தராசு இருந்தால் எடை போட்டுவிடுவதே நல்லது.

ஊலாங்கில் பச்சை சார்ந்தவற்றுக்கு, உதாரணமாக உருண்டையாகச் சுருட்டிய டிக்குவான்யின்னுக்கு, 90 முதல் 95. கிரீன் டீபோல் இருக்கிறதே என்று 80-இல் போட்டால் உருண்டைகள் விரியாது. மேலே மணம் மட்டும் மிதக்கும், உள்ளே இருக்கும் சாறு உள்ளேயே நிற்கும். அடர்நிறமாக வறுத்த ஊலாங்குகளுக்குக் கொதிநீர். முதல் முறை ஒரு நிமிடம்.

பிளாக் டீக்கு 95 முதல் 100, மூன்று முதல் நான்கு நிமிடம், மூடி போட்டு. இதில் ஒரு விதிவிலக்கு முக்கியமானது: டார்ஜிலிங்கின் வசந்தகால முதல் பறிப்பு. பிளாக் டீ என்று விற்றாலும், இலையைக் கடுமையாக வாடவிடுவதால் நொதி முழுவேலை செய்வதில்லை. பல இலைகள் பச்சையாகவே இருக்கும். 85 முதல் 90 டிகிரி, இரண்டரை முதல் மூன்று நிமிடம். கொதிநீர் விட்டால் அதன் பூமணம் போய்த் துவர்ப்பு மட்டும் மிஞ்சும். விலை உயர்ந்த இலை ஏமாற்றம் தருவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

பூ-அர் என்பது சீனாவில் புளிக்கவைத்தோ வயதாக்கியோ குடிக்கும் தேயிலை. அது கொதிநீரைத் தாங்குவது மட்டுமில்லை, கேட்கிறது. அழுத்திய கட்டியிலிருந்து உடைத்த துண்டின்மேல் முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து, பத்து வினாடியில் கொட்டிவிட்டு, இலை கொஞ்சம் தளர்ந்தபின் மறுபடி ஊற்றிக் குடிக்கத் தொடங்குவது வழக்கம். புளிக்கவைக்காத, வயதாகாத பச்சைப் பூ-அர் மட்டும் 90 பக்கம் இருக்கட்டும்.

மூலிகைகள் தேயிலையே இல்லை. சாமந்தி, செம்பருத்தி, இஞ்சி, ரூய்போஸ் எல்லாவற்றுக்கும் கொதிநீர், ஐந்து முதல் பத்து நிமிடம், மணம் தரும் எண்ணெய்கள் ஆவியோடு போகாமல் மூடி. தென் அமெரிக்காவின் யெர்பா மாட்டே இலைக்கு மட்டும் 70, 80-க்குள்; அதில் காஃபீனும் உண்டு, கொதிநீரில் கசந்துவிடும்.

கெட்டிலில் 95, கோப்பையில் எவ்வளவு?

மேலே சொன்ன எண்கள் எல்லாம் இலையைத் தொடும் தண்ணீரின் சூடு. கெட்டில் திரையில் தெரிவது அது இல்லை. இடையில் பாத்திரம் ஒரு பங்கைக் குடித்துவிடும், பலர் நினைப்பதைவிட அதிகமாகவே.

ஒரு கணக்கு போடலாம். 300 கிராம் எடையுள்ள பீங்கான் டீப்பாட் 30 டிகிரியில் இருக்கிறது. அதில் 200 மில்லி கொதிநீர் ஊற்றுகிறோம். ஒரு கிராம் பீங்கானைச் சூடேற்ற, ஒரு கிராம் தண்ணீருக்குத் தேவைப்படுவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெப்பம் போதும். இரண்டும் சூட்டைப் பகிர்ந்து ஒன்றாகும்போது தண்ணீர் 84 டிகிரி பக்கம் வந்து நிற்கும். காற்றில் போகும் சூடு தனி. பிளாக் டீ போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு உண்மையில் கிரீன் டீச் சூட்டில் ஊறவைத்திருக்கிறோம்! அதே கணக்கில் 100 கிராம் மெல்லிய கோப்பையில் 150 மில்லி ஊற்றினால் 92 பக்கம் நிற்கும். கனமான பாத்திரமும் குறைந்த தண்ணீரும் சேர்ந்தால் இழப்பு அதிகம்.

ஆகவே பிளாக், பூ-அர், அடர் ஊலாங் மூன்றுக்கும் பாத்திரத்தை முதலில் கொதிநீரால் அலசுங்கள். ஊற்றி, அரை நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, உடனே இலையைப் போட்டு, மறுபடி கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரை ஊற்ற வேண்டும். "கடையில் குடித்த அதே தேயிலை, வீட்டில் வெளிறிப்போகிறது" என்ற குறை பாதி இதிலேயே தீரும். கிரீன் டீக்கு இதையே தலைகீழாகப் பயன்படுத்தலாம்: குளிர்ந்த பாத்திரத்தில் இலை போடாமல் கொதிநீரை ஊற்றி, சூட்டை அது குடிக்கவிட்டு, பிறகு இலையைப் போடுவது.

மூடியும் ஒரு கருவிதான். பிளாக் டீக்கு மூடுங்கள். மென்மையான கிரீன் டீக்குத் திறந்தே விடுங்கள், அடைத்துவைத்தால் இலை புழுங்கி வெந்த வாடை வரும். ஊற்றும் உயரமும் அப்படியே: உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக விட்டால் தண்ணீர் வழியிலேயே சில டிகிரி ஆறும்; கெட்டிலின் மூக்கைப் பாத்திரத்தின் வாயில் வைத்து ஊற்றினால் சூடு தங்கும்.

தெர்மாமீட்டர் இல்லாமல்

இதற்கு மூன்று வழிகள். துல்லியமானதும் சுலபமானதும் கலப்பது. நன்றாகக் கொதித்த தண்ணீரில் அறைச்சூட்டில் உள்ள குடிநீரைச் சேர்த்தால் எத்தனை டிகிரி வரும் என்பது வெறும் கூட்டல் வகுத்தல். அறைநீர் 30 டிகிரி என்றால், நான்கு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு அறைநீர் 86 டிகிரி தரும். மூன்றுக்கு ஒன்று 82. இரண்டுக்கு ஒன்று 77. மூன்றுக்கு இரண்டு 72. பாதிக்குப் பாதி 65. அறைநீர் 25 டிகிரியாக இருந்தால் இந்த எண்களிலிருந்து ஒன்று முதல் மூன்று வரை கழித்துக்கொள்ளுங்கள். ஊற்றும்போது ஆறுவதும் உண்டு என்பதால் நிஜத்தில் இன்னும் ஓரிரு டிகிரி குறையும். சென்ச்சாவுக்கும் லாங்ஜிங்குக்கும் இந்தத் துல்லியம் தாராளம். சேர்க்கும் அறைநீர் குடிக்கத் தகுந்ததாக, காய்ச்சியோ வடிகட்டியோ வைத்ததாக இருக்க வேண்டும். முன்பின் தெரியாத தண்ணீரை 80 வரை மட்டும் சூடாக்கி நிறுத்துவதைவிட, ஒருமுறை கொதிக்கவைத்துப் பிறகு ஆறவிடுவதே பாதுகாப்பு.

இரண்டாவது ஆற்றுவது. ஒரு பாத்திரத்திலிருந்து குளிர்ந்த இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் 8, 10 டிகிரி இறங்கும். கொதித்த தண்ணீரை ஒரு ஆற்று ஆற்றினால் 90 பக்கம், இரண்டு ஆற்றினால் 80 பக்கம், மூன்றுக்கு 70 பக்கம். ஜப்பானில் இதற்கென்றே வாய் அகன்ற ஒரு சிறு கிண்ணம் வைத்திருப்பார்கள், அதன் பெயர் யுசமாஷி. ஒரே இரண்டு டம்ளருக்குள் மாற்றி மாற்றி ஊற்றினால் டம்ளரே சூடேறிவிடுவதால் மூன்றாவது முறையில் இறக்கம் குறைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது குமிழைப் பார்ப்பது. 8-ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் வாழ்ந்த லூ யூ, தேநீரைப் பற்றி எழுதிய நூலில் கொதியை மூன்று படியாகப் பிரித்தார்: மீன் கண்போல் குமிழ் எழுந்து லேசாக ஒலி வருவது முதல் கொதி, ஓரங்களில் முத்துச்சரம்போல் தொடர்ந்து எழுவது இரண்டாவது, அலையடித்துப் புரள்வது மூன்றாவது. பின்னால் வந்தவர்கள் இதை இன்னும் நுணுக்கி, கூனிறால் கண், நண்டுக் கண் என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். இன்றைய அளவில் சொன்னால், அடியில் குண்டூசித் தலைபோல் ஒட்டியிருக்கும் குமிழ்கள் விட்டு மேலே வரத் தொடங்குவது 70, 75 பக்கம். கொஞ்சம் பெருத்து, மெல்லிய ஆவி எழுவது 80 பக்கம். மீன் கண் 85. முத்துச்சரம் 90, 95. முதன்முதலில் பாத்திரச் சுவரில் ஒட்டும் நுண்குமிழ்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். அவை ஆவி இல்லை, தண்ணீரில் கரைந்திருந்த காற்று. அதோடு, பெரிய தீயில் மெல்லிய பாத்திரம் வைத்தால் அடிப்பகுதி முன்னதாகவே சூடேறி, மொத்தத் தண்ணீர் ஆறலாக இருக்கும்போதே பெரிய குமிழ் காட்டும். நடுத்தரத் தீயில் வைத்து, ஒருமுறை கலக்கிவிட்டுப் பார்த்தால்தான் கண்ணை நம்பலாம்.

எப்படியும் ஒரு தெர்மாமீட்டரைக் கடன் வாங்கியாவது ஒரே ஒரு நாள் உங்கள் கெட்டிலை அளந்துவிடுங்கள். வழக்கமாகக் கொதிக்கவைக்கும் அளவு தண்ணீரை வைத்து, கொதித்ததும் மூடியைத் திறந்து, 90, 85, 80, 75-க்கு எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று எழுதி அடுப்பருகே ஒட்டிக்கொள்ளுங்கள். கெட்டிலுக்குக் கெட்டில் இது வெகுவாக மாறுவதால் மற்றவர் சொல்லும் நிமிடம் உங்களுக்குப் பொருந்தாது. தண்ணீரின் அளவை மாற்றினாலும் நிமிடம் மாறும்.

சுவை சரியில்லை என்றால் எதை மாற்றுவது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இலையையும் சூட்டையும் நேரத்தையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று ஒருநாளும் தெரியாது.

கிரீன் டீ முதல் வாயிலேயே கசந்து வாயை இறுக்கினால் 5 டிகிரி இறக்குங்கள். தொடக்கம் நன்றாக இருந்து முடிவில் மட்டும் துவர்ப்பு நின்றால் சூட்டை விட்டுவிட்டு 20, 30 வினாடி நேரத்தைக் குறைத்துப் பாருங்கள். கசப்பும் இல்லை, சுவையும் இல்லை, வெந்நீர் குடிப்பதுபோல் இருக்கிறது என்றால் முதலில் இலையின் எடையைச் சரிபார்க்க வேண்டும். பலரும் உடனே நேரத்தைக் கூட்டுகிறார்கள், அப்போது மெல்லிய கசப்புத்தான் கிடைக்கும். பிளாக் டீ நிறமாக இருந்தும் உடல் இல்லாமல் இருந்தால் பாத்திரம் குளிர்ந்திருந்தது என்று அர்த்தம். நல்ல பிளாக் டீ ஆறியதும் கலங்கிப் பால்விட்டாற்போல் ஆனால் பதற வேண்டாம்: தியாஃப்ளேவின்களும் காஃபீனும் ஒன்றோடொன்று பிணைந்து திரள்வது அது. சாறு திடமாக இருப்பதன் அடையாளம். கொஞ்சம் கொதிநீர் விட்டால் தெளிந்துவிடும். கோப்பையின் மேல் எண்ணெய்ப் படலம்போல் ஒன்று மிதந்து ஓரத்தில் கறை பிடித்தால் தண்ணீர் கடினநீர். கால்சியம் பாலிஃபீனால்களோடு சேர்ந்த படலம் அது. அந்தத் தண்ணீரில் எந்தச் சூட்டில் போட்டாலும் மணம் மங்கும். வடிகட்டிய மென்னீருக்கு மாறுவதே வழி.

மறுபடி கொதிக்கவைத்த தண்ணீரில் ஆக்சிஜன் போய்விடும், அதனால் தேநீர் கெடும் என்று சொல்வார்கள். முதல் கொதியிலேயே கரைந்திருந்த ஆக்சிஜனில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. பலமுறை கொதித்துச் சுண்டிய தண்ணீரில் உப்புகள் செறிவது வேண்டுமானால் உண்மை. காலையில் கொதித்த தண்ணீரை ஒருமுறை மறுபடி கொதிக்கவைப்பதில் பயம் வேண்டாம்.

மலைமேல் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். 1,500 மீட்டரில் தண்ணீர் 95-இலேயே கொதிக்கும், 3,000-இல் 90-இல். எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அதற்குமேல் ஏறாது. அங்கே பிளாக் டீக்கு இலையைக் கொஞ்சம் கூட்டி, பாத்திரத்தை நன்றாகச் சூடாக்கி, ஒரு நிமிடம் அதிகம் விட வேண்டும். கிரீன் டீக்காரர்களுக்கு அது சலுகை, ஒரு ஆற்று மிச்சம்.

பால் சேர்ப்பவர்களுக்கு இந்தச் சூட்டுக் கணக்கெல்லாம் தேவையில்லை. பாலின் கேசின் புரதம் துவர்ப்புப் பொருள்களை முன்கூட்டியே பற்றிக்கொள்ளும். எச்சிலில் உள்ள புரதங்களுக்கு மிஞ்சுவது குறைவு. அதனால்தான் சி.டி.சி. தூளை (இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டிய குருணைத் தேயிலை) கொதிக்கக் கொதிக்கப் போட்டு இறக்கினாலும் பால் விட்டதும் குடிக்க முடிகிறது. அங்கே திடமான சாறு வேண்டும், அதற்குக் கொதிநீர் வேண்டும். ஆனால் தூளை முதலில் தண்ணீரில் கொதிக்கவிட்டு, சாறு இறங்கியபின் பாலைச் சேருங்கள். முதலிலேயே பாலில் போட்டால் சாறு சரியாக இறங்காது.

தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிப்பவர்கள் கிரீன் டீக்கும் கொதிநீர்தான் ஊற்றுகிறார்களே என்று சிலர் கேட்பதுண்டு. ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச முறையே 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், ஆறு நிமிடம் என்கிறது. 1980-இல் வெளியான அந்த முறையின் நோக்கம் ருசியான கோப்பை தருவது இல்லை. எல்லா இலையையும் ஒரே கடுமையில் வைத்து ஒப்பிடுவது, ஒளிந்திருக்கும் குறையையும் வெளியே இழுப்பது. அதை வீட்டுக்குச் செய்முறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எத்தனை டிகிரியில் ஊறவைத்தாலும் குடிக்கும்போது 65-க்குக் கீழே இறங்கட்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல், 65 டிகிரிக்கு மேல் சுடச்சுடக் குடிக்கும் பானங்களை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற வகையில் சேர்த்தது. காரணம் பானம் இல்லை, சூடு. தவிர, அந்தச் சூட்டில் நாக்குக்கு மணமும் தித்திப்பும் சரியாகத் தெரியவும் தெரியாது.

இரண்டாம் தண்ணீர், குளிர்ந்த தண்ணீர்

நல்ல இலையை ஒரே தண்ணீரோடு தூக்கிப் போடாதீர்கள். சென்ச்சாவுக்கு முதல் முறை 70, இரண்டாவது முறை 80, மூன்றாவது 90 என்று ஏற்றிக்கொண்டே போகலாம். தித்திப்பு முதலிலேயே இறங்கிவிட்டது. பின்னால் இருப்பதை எடுக்கச் சூடு கூட வேண்டும். இலை ஏற்கெனவே நனைந்து விரிந்திருப்பதால் இரண்டாவது முறைக்கு 15, 20 வினாடியே போதும், மூன்றாவதுக்கு ஒரு நிமிடம். இடையில் வடிக்கும்போது கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் தேங்கி நிற்கும் சூடான சாறு இலையை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். அடுத்த கோப்பை கசப்பதற்கு அதுவே காரணம். ஊலாங்கும் பூ-அரும் ஐந்து, ஆறு தண்ணீர்கூடத் தாங்கும்; அவற்றுக்குச் சூடு மாறாது, நேரம் மட்டும் கூடும்.

எதிர்முனையில், சூடே இல்லாமலும் தேநீர் உண்டு. ஒரு லிட்டர் குளிர்ந்த குடிநீரில் 10 கிராம் இலையைப் போட்டு, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வைத்து வடித்துவிடுங்கள். கேட்டகினும் காஃபீனும் குறைவாக, தித்திப்பு மேலோங்கி வரும். கிரீன் டீயும் ஒயிட் டீயும் இதற்கு அருமையாகப் பொருந்தும். மேசைமேல் வெளியே வைத்து ஊறவிடாதீர்கள், வெதுவெதுப்பில் கிருமி வளரும். வடித்தபின் ஒரு நாளுக்குள் குடித்துத் தீர்த்துவிட வேண்டும்.